போட்டோக்கொப்பி மெஷினுக்குச் சேர்விஸ் ஒப்பந்தம்: கையெழுத்து வைக்க முன்

கிளிநொச்சியில் எங்கள் சங்க அலுவலக வாசலில் ஒரு திங்கட்கிழமை காலை நின்று பாருங்கள். வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொலித்தீன் உறை இருக்கும். உள்ளே அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரம், சிலரிடம் மரணச் சான்றிதழ். 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த சனம், கந்தோர் கந்தோராக அலைந்து ஒவ்வொரு பத்திரமாகத் திரும்ப எடுத்து, நனையாமல் சுற்றி வைத்திருக்கிறது. எந்த விண்ணப்பத்துக்கும் இவற்றின் பிரதி வேண்டும். அந்த நேரம் பார்த்து போட்டோக்கொப்பி மெஷின் நின்றுவிட்டால், வட்டக்கச்சியில் இருந்து பஸ் பிடித்து வந்த ஒரு அம்மாவிடம் "இண்டைக்கு ஏலாதம்மா, நாளைக்கு வாங்கோ" என்று சொல்ல வேண்டி வரும். அதைச் சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு கஷ்டமான வசனம் என்று.

இந்த மெஷினின் பொறுப்பு பல வருடமாக என்னிடம்தான் இருக்கிறது. இதுவரை 4 சேர்விஸ் ஒப்பந்தங்கள் எடுத்திருக்கிறோம். முதலாவதில் விலையை மட்டும் பார்த்தேன். அதனால் பட்ட பாட்டைக் கீழே சொல்கிறேன். சின்ன அலுவலகம், பாடசாலை, கோயில் பரிபாலன சபை, ரியூசன் நிலையம், கொமினிகேசன் கடை என்று எதை நடத்தினாலும், முதல் தடவையாக இப்படி ஒரு ஒப்பந்தம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் இது உங்களுக்குத்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வாரண்டி வேறு, சேர்விஸ் ஒப்பந்தம் வேறு. புது மெஷின் வாங்கும்போது வருகிற வாரண்டி, தயாரிப்பில் இருக்கிற பிழைக்குத்தான் பொறுப்பேற்கும். அதுவும் இத்தனை மாதம் அல்லது இத்தனை கொப்பி, எது முதலில் வருகிறதோ அதுவரை. ஓடி ஓடித் தேய்கிற பாகங்கள் பெரும்பாலும் அதற்குள் வராது. சேர்விஸ் ஒப்பந்தம் என்பது அந்தத் தேய்மானத்தையும் இடையில் வருகிற பழுதையும் ஒரு கம்பனி பார்த்துக்கொள்வதற்கு நாம் மாதாமாதமோ வருடாவருடமோ கட்டுகிற காசு.

ஏன் இந்த மெஷின் மட்டும் இவ்வளவு தேய்கிறது? உள்ளே நடப்பதைப் பார்த்தால் விளங்கும். டிரம் என்று ஒரு பளபளப்பான உருளை இருக்கிறது. இருட்டுக்குள் அதன் மேல் மின்னேற்றம் பரவும். வெளிச்சம் படுகிற இடத்தில் அந்த மின்னேற்றம் மாறி, நாம் வைத்த பக்கத்தின் படம் கண்ணுக்குத் தெரியாமல் டிரம்மில் பதியும். டோனர் தூள் அந்தப் படத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தாள் அந்தத் தூளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கடைசியாக பியூசர் என்கிற பகுதி, ஏறக்குறைய 180 முதல் 200 பாகை செல்சியஸ் சூட்டில், தூளை உருக்கித் தாளோடு அழுத்திவிடும். வெளியே வருகிற தாள் கையில் சுடுவது அதனால்தான். ஒவ்வொரு கொப்பிக்கும் இந்தச் சூடும் உரசலும் திரும்பத் திரும்ப நடக்கிறது. ஆகவே டிரம், அதைத் துடைக்கிற பிளேட், டோனரை டிரம்முக்குக் கொண்டுபோகிற டெவலப்பர், பியூசர், தாளை இழுக்கிற ரப்பர் உருளைகள் எல்லாம் இத்தனை ஆயிரம் கொப்பிக்கு ஒரு தடவை மாற்றியே ஆகவேண்டிய சாமான்கள். மாற்றாமல் ஓட்டினால் முதலில் கோடு விழும், பிறகு தாள் சிக்கும், பிறகு மெஷின் நிற்கும்.

ஒப்பந்தங்களில் சில வகை உண்டு. ஒன்றில் கம்பனி ஆளை மட்டும் அனுப்பும். சாமான் மாற்ற வேண்டுமென்றால் தனியாகக் காசு. இன்னொன்றில் கூலியும் சாமானும் சேர்ந்திருக்கும். டோனரும் தாளும் நம்முடையது. மூன்றாவதில் தாளையும் கரண்டையும் தவிர எல்லாமே அவர்கள் பொறுப்பு, நாம் எடுக்கிற ஒவ்வொரு கொப்பிக்கும் இவ்வளவு என்று கட்டுவோம். மெஷினையே வாடகைக்குத் தருகிற முறையும் இருக்கிறது. எது நல்லது என்று என்னைக் கேட்டால், மாதம் சில ஆயிரம் கொப்பி எடுக்கிற இடத்துக்கு மூன்றாவது முறைதான் என்பேன். காரணம் சுலபமானது. கொப்பி எடுத்தால்தான் அவர்களுக்கு வருமானம். மெஷின் நின்றால் அவர்களுக்கும் நட்டம். ஆளை மட்டும் அனுப்புகிற ஒப்பந்தத்தில் அந்த அக்கறை இருக்காது.

கொப்பிக்கு இவ்வளவு என்று கணக்குப் பண்ணுகிற இந்த முறை இன்று நேற்று வந்ததில்லை. செஸ்டர் கார்ல்சன் என்ற அமெரிக்கர் 1938 ஒக்ரோபர் 22இல் நியூயோர்க்கின் அஸ்டோரியாவில் ஒரு சின்ன அறைக்குள் உலகத்தின் முதலாவது உலர் பிரதியை எடுத்தார். கடைக்கு வரக்கூடிய ஒரு அலுவலக மெஷினாக அது வளர 20 வருடத்துக்கு மேல் ஆனது. 1959இல் வந்த ஸெரொக்ஸ் 914 ஏறக்குறைய 290 கிலோ பாரம். அதை முழு விலைக்கு வாங்க அலுவலகங்கள் தயங்கும் என்று தெரிந்து, கம்பனி மாத வாடகைக்குக் கொடுத்தது. மாதம் 95 டொலர், அதற்குள் 2,000 கொப்பி, மேலே போனால் ஒவ்வொன்றுக்கும் 4 சதம். பழுது பார்ப்பதும் அவர்கள் பொறுப்பு. எண்ணுவதற்கு மெஷினிலேயே ஒரு மீற்றர். இன்று கிளிநொச்சியில் நம்மிடம் நீட்டப்படும் ஒப்பந்தத்தின் எலும்புக்கூடு அதே மாதிரித்தான் இருக்கிறது: குறைந்தபட்சத் தொகை, அதற்குள் இத்தனை கொப்பி, மேலதிகத்துக்கு ஒரு விலை.

மீற்றர்க் கணக்கு

அந்தக் குறைந்தபட்சத் தொகையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு கணக்கைப் பார்ப்போம். விலைகள் விளக்கத்துக்காக நான் போட்டவை. சந்தை விலை என்று எடுக்க வேண்டாம்.

ஒரு கம்பனி கொப்பிக்கு 2 ரூபாய் 50 சதம் கேட்கிறது, ஆனால் மாதம் குறைந்தது 10,000 கொப்பிக்குக் கட்டவேண்டும் என்கிறது. இன்னொன்று 3 ரூபாய் 25 சதம் கேட்கிறது, குறைந்தபட்சம் எதுவும் இல்லை. முதலாவது மலிவு மாதிரித் தெரியும். ஆனால் உங்கள் அலுவலகம் உண்மையில் மாதம் 6,500 கொப்பிதான் எடுக்கிறது என்று வையுங்கள். முதலாவது கம்பனிக்கு 25,000 ரூபாய் கட்டுவீர்கள். இரண்டாவதற்கு 21,125. முதலாவதில் உங்களுக்கு ஒரு கொப்பி ஏறக்குறைய 3 ரூபாய் 85 சதத்துக்கு விழுகிறது.

அதனால் பேச்சுக்குப் போக முன், கடந்த 12 மாதத்தில் எத்தனை எடுத்தீர்கள் என்று கையில் ஒரு எண் இருக்க வேண்டும். மாதத்துக்கு மாதம் ஒரே அளவாக இருக்காது. பாடசாலை என்றால் தவணைப் பரீட்சைக்கு முன் தாள் பறக்கும், விடுமுறையில் மெஷின் தூங்கும். எங்களைப் போன்ற சங்கத்துக்கு ஆண்டறிக்கை மாதம் ஒன்று, மற்ற மாதங்கள் வேறு. மாதாமாதம் குறைந்தபட்சம் பார்க்காமல் வருட முடிவில் மொத்தமாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் பல கம்பனிகள் ஒத்துக்கொள்ளும். கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

மீற்றர் எதை ஒன்றாக எண்ணுகிறது என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும். பல ஒப்பந்தங்களில் ஏ3 தாள் ஒன்று 2 கொப்பியாக எண்ணப்படும். இரு பக்கமும் அடித்தால் தாள் ஒன்று, எண்ணிக்கை 2. கலர் மெஷின் என்றால் கலருக்குத் தனி மீற்றர், தனி விலை. கறுப்பு வெள்ளையைவிடப் பல மடங்கு கூட இருக்கும். கடிதத் தலைப்பில் ஒரு சின்ன நீலச் சின்னம் இருந்தாலும் முழுப் பக்கமும் கலர்க் கணக்கில் போகும். அப்புறம், சேர்விஸ்காரர் வந்து பரிசோதனைக்கு எடுக்கிற கொப்பிகளும் மீற்றரில் ஏறும். பெரிய திருத்த வேலை என்றால் அது நூற்றுக்கணக்கில் போகலாம். அதைக் கழிக்க வேண்டும் என்றும், சேர்விஸ் அறிக்கையில் வந்தபோது இருந்த மீற்றரையும் போகும்போது இருந்த மீற்றரையும் எழுத வேண்டும் என்றும் ஒரு வரி போடச் சொல்லுங்கள்.

ரீகண்டிஷன் மெஷின் என்றால் இன்னும் கவனம். வன்னியில் சின்ன அலுவலகங்களில் நான் பார்க்கிற மெஷின்களில் கனக்க வெளிநாட்டில் பாவித்துத் திருத்தி வந்தவைதான். மீற்றரில் ஏற்கெனவே சில இலட்சம் இருக்கும். அதில் தவறில்லை, நல்லாக ஓடுகிற மெஷின்கள் இருக்கின்றன. ஆனால் ஒப்பந்தம் தொடங்குகிற நாளில் மீற்றர் பக்கத்தை அச்சடித்து, இரண்டு தரப்பும் அதில் கையெழுத்து வைக்க வேண்டும். டிரம், பியூசர் எந்த நிலையில் இருக்கின்றன என்பதும் அன்றே எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் மாதம் பியூசர் போனால், "இது ஒப்பந்தத்துக்கு முன்னமே பழுது" என்று ஒரு கதை வரும்.

வருவதும் திருத்துவதும்

இனித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

எங்கள் முதலாவது ஒப்பந்தத்தில் "அறிவித்து 24 மணித்தியாலத்துக்குள்" என்று இருந்தது. வாசித்தபோது மனதுக்கு நிம்மதியாக இருந்தது. பொதுச்சபைக் கூட்டத்துக்கு முதல் கிழமை ஆண்டறிக்கை அடித்துக்கொண்டிருந்தோம். 60 பக்கம், 200 பிரதி. செவ்வாய்க்கிழமை பின்னேரம் மெஷினுக்குள்ளே ஒரு கருகல் மணம், பிறகு திரையில் ஒரு பிழை எண், அதோடு நின்றுவிட்டது. உடனே அறிவித்தோம். புதன்கிழமை காலை, சொன்னபடியே, ஒரு தம்பி யாழ்ப்பாணத்தில் இருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். தோளில் ஒரு பை. நல்ல பிள்ளை. பக்க மூடியைத் திறந்து, ரோர்ச் அடித்துப் பார்த்து, பியூசரைக் கழற்றி மேசையில் வைத்தார். உள்ளே இருந்த மெல்லிய உறை ஒரு ஓரத்தில் கிழிந்து சுருண்டிருந்தது.

"அண்ணை, இது மாத்தத்தான் வேணும். சாமான் கொழும்பில இருந்து வரவேணும்."

"எத்தினை நாள் ஆகும் தம்பி?"

"எனக்குச் சொல்லத் தெரியாது அண்ணை. நான் எழுதி அனுப்பிவிடுறன். இதில ஒரு கையெழுத்து வையுங்கோ."

அந்தத் தாளில் "வருகை தந்து பரிசோதிக்கப்பட்டது" என்று இருந்தது. வைத்தேன். சாமான் வந்தது 9 நாள் கழித்து. ஆண்டறிக்கையை நகரத்தில் ஒரு கொமினிகேசனில் காசு கொடுத்து அடித்தோம். கம்பனியிடம் கேட்டபோது, 24 மணித்தியாலத்துக்குள் ஆள் வந்தாரே என்றார்கள். ஒப்பந்தத்தை எடுத்துத் திரும்ப வாசித்தேன். அவர்கள் சொன்னது சரி. அதில் இருந்தது வருவதற்கான நேரம் மட்டுமே. திருத்தி முடிப்பதற்கு ஒரு நேரமும் இல்லை.

கொழும்பில் இருக்கிற ஒரு அலுவலகத்துக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அங்கே களஞ்சியம் பக்கத்துத் தெருவில் இருக்கும். காலையில் வந்தவர் சாமான் இல்லையென்றால் பின்னேரம் எடுத்து வருவார். நமக்கு அப்படி இல்லை. கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணம் 65 கிலோமீற்றருக்கு மேல், வவுனியா ஏறக்குறைய 75, கொழும்பு 300ஐத் தாண்டும். முல்லைத்தீவுக்காரருக்கு ஏ9 வீதியில் மாங்குளம் வந்த பிறகு இன்னும் ஏறக்குறைய 50. மல்லாவி, நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் என்றால் பஸ் நேரத்தையும் பார்த்துத்தான் ஆள் வெளிக்கிட வேண்டும். ஆகவே வன்னியில் ஒரு ஒப்பந்தத்தை எடைபோடும்போது நான் முதலில் கேட்பது இரண்டே கேள்வி. திருத்துகிற ஆள் இரவில் எங்கே படுக்கிறார்? சாமான் எந்த ஊர் இராக்கையில் இருக்கிறது? விலை அதற்குப் பிறகுதான்.

இதற்கு நேரான பதில் கிடைத்தால் மற்றதை எழுத்தில் கொண்டு வரலாம். வருவதற்கு ஒரு கால எல்லை, திருத்தி ஓடவைப்பதற்கு வேறொரு கால எல்லை என்று இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். இரண்டாவது எல்லை தாண்டினால் மாற்று மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து வைக்க வேண்டும், அல்லது நின்ற நாட்களுக்கு மாதக் காசில் கழிக்க வேண்டும். அடிக்கடி மாற்ற வேண்டிய சாமான்கள், குறிப்பாக டோனர், கழிவு டோனர்ப் பெட்டி, தாள் இழுக்கிற ரப்பர் உருளை, எப்போதும் ஒரு தொகுதி நம் அலுமாரியிலேயே இருக்க வேண்டும் என்று கேட்கலாம். அவற்றுக்குக் காசு, எடுத்துப் பாவிக்கும்போது கட்டினால் போதும். எங்கள் இப்போதைய ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது: கொழும்பில் இருந்து வரவேண்டிய சாமானை அன்றிரவு பஸ்ஸிலேயே போட வேண்டும். விடியக் காலையில் டிப்போச் சந்தியில் நாங்களே போய் எடுத்துக்கொள்வோம். அந்த ஒரு வரி எங்களுக்குப் பல தடவை பல நாட்களை மிச்சம் பிடித்துத் தந்திருக்கிறது.

மணித்தியாலம் என்ற சொல்லையும் கூர்ந்து பாருங்கள். "24 வேலை மணித்தியாலம்" என்று இருந்தால், ஒரு நாளுக்கு 8 மணித்தியால வேலை என்று கணக்குப் பண்ணினால் அது 3 வேலை நாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் பழுதானதற்கு அடுத்த புதன்கிழமைதான் ஆள் வருவார். அப்படி வந்தாலும் அவர் ஒப்பந்தத்தை மீறவில்லை. போக்குவரத்துச் செலவும் இதே மாதிரித்தான். நகர எல்லைக்கு வெளியே என்றால் கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று ஒரு வரி கடைசிப் பக்கத்தில் இருக்கும். புதுக்குடியிருப்பில் உள்ள ஒரு அலுவலகத்துக்கு அந்த வரி மாதக் கட்டணத்தைவிடப் பெரிதாக வரலாம். கட்டணத்துக்குள் எல்லாம் அடக்கம் என்று எழுதாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

எது ஒப்பந்தத்துக்குள் வராது

ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் விலக்குகள் என்று ஒரு பகுதி இருக்கும். இடி, மின்னழுத்த ஏற்ற இறக்கம், வெள்ளம், எலி, எறும்பு, பல்லி, வேறு கம்பனி டோனர் பாவித்தது, நாமாகத் திறந்து பார்த்தது, மெஷினை இடம் மாற்றியது. இவற்றால் வந்த பழுதுக்கு அவர்கள் பொறுப்பில்லை. நம் ஊரில் மெஷின் பழுதாவதற்கு இருக்கிற காரணங்களில் பாதி இந்தப் பட்டியலுக்குள் இருக்கிறது. இந்தப் பகுதியை ஆறுதலாக வாசியுங்கள்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்தில் இடி முழங்கத் தொடங்கினால் எங்கள் அலுவலகத்தில் யார் பக்கத்தில் நின்றாலும் மெஷினின் பிளக்கைக் கழற்ற வேண்டும் என்பது சட்டம். நெற்வேர்க் வயரையும் சேர்த்துத்தான். இடி அந்த வழியாலும் வரும். கொம்பியூட்டருக்கு வைத்திருக்கிற சின்ன யூபிஎஸ்ஸில் கொப்பி மெஷினைக் கொழுவக் கூடாது. பியூசர் சூடேறும்போது 1,000 வாற்றுக்கு மேல் இழுக்கும். சின்ன யூபிஎஸ் அதைத் தாங்காது. எர்த் சரியாக உள்ள சுவர்ச் சொக்கெட்டில் நேரே கொழுவி, இடையில் ஒரு நல்ல மின்னழுத்தப் பாதுகாப்புக் கருவியைப் போடுங்கள். ஒப்பந்தம் போட வருகிறவரிடமே எந்தக் கருவி என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்கிவிட்டால் பிறகு மின்னழுத்தத்தைச் சாட்டிக் கைவிரிக்க அவர்களுக்குக் கஷ்டம்.

தூசி விலக்கில் இருக்காது, ஆனால் அது செய்கிற வேலை பெரிது. ஒருநாள் சேர்விஸ்காரர் பின்பக்க மூடியைக் கழற்றியபோது நானும் குனிந்து பார்த்தேன். உள்ளே இருந்த காற்றாடியின் இறகுகளில் செம்மண் மா மாதிரி அப்பியிருந்தது. அதற்குக் கீழே மின்பலகையின் ஓரத்தில் காய்ந்துபோன ஒரு பல்லிக்குஞ்சு, வால் இரண்டு ஊசிகளுக்கு நடுவில் ஒட்டியபடி. அவர் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டி எடுத்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா போர்ட்டே போயிருக்கும் அண்ணை" என்றார். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வீதியோர அலுவலகங்களுக்கு இந்தத் தூசி தவிர்க்க முடியாதது.

ஆகவே பழுதானால் வருவது மட்டுமில்லாமல், பழுதாகாமலே வந்து துப்புரவாக்குகிற சேர்விஸும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வருடத்துக்கு 4 தடவை என்று பொதுவாகப் போடுவார்கள். அதில் ஒன்றை ஆவணி கடைசிக்கு வைக்கச் சொல்லுங்கள். தூசிக் காலம் முடிகிறது, மாரி இன்னும் தொடங்கவில்லை. மெஷினை ஒருக்கால் முழுதாகத் திறந்து துடைக்க அதுதான் நல்ல நேரம். மாரி வந்தால் பிரச்சினை வேறு. தாள் ஈரம் இழுத்துச் சுருளும், சுருண்ட தாள் சிக்கும். 500 தாள் ரீமைப் பிரித்தால் மீதியைத் திரும்ப உறைக்குள் மூடி வையுங்கள். வெறும் நிலத்தில் அடுக்க வேண்டாம்.

டோனரைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. ஒரு டோனர் இத்தனை ஆயிரம் கொப்பி வரும் என்று பெட்டியில் போட்டிருப்பது, பக்கத்தில் 5 வீதம் மட்டுமே மை படும் என்ற கணக்கில். அது நாலைந்து பந்திக் கடிதம் அளவு. அடையாள அட்டைப் பிரதி, பழைய காணிப் பத்திரம், பெட்டி பெட்டியாகக் கோடு போட்ட படிவம் எல்லாம் அதைவிடக் கூட இழுக்கும். மூடியைத் திறந்து வைத்துப் புத்தகம் கொப்பி எடுத்தால் சுற்றி வருகிற கறுப்புக் கரை ஒன்றே பல பக்கத்தின் டோனரைச் சாப்பிட்டுவிடும். டோனரும் அடங்கிய ஒப்பந்தத்தில் இந்த வீதத்தைத் தாண்டினால் மேலதிகக் காசு கேட்கிற வரி இருக்கலாம். உங்கள் அலுவலகத்தில் வழமையாக எடுக்கிற 10 பக்கத்தைக் காட்டியே விலை பேசுங்கள்.

விலை மாற்றம் பற்றிய வரி 2022க்குப் பிறகு எல்லோருக்கும் விளங்கியிருக்கும். அந்த வருடம் மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, இரண்டே மாதத்தில் 350ஐத் தாண்டியது. தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். டோனரும் டிரம்மும் இறக்குமதிச் சாமான். எங்கள் கம்பனியும் புது விலை கேட்டுக் கடிதம் போட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எப்போது, எவ்வளவு வரை, எத்தனை நாள் முன்னறிவித்தலோடு விலையைக் கூட்டலாம் என்பது முன்னமே எழுதியிருந்தால் இரண்டு தரப்புக்கும் மனக்கசப்பு இல்லை. ஒத்துவராவிட்டால் தண்டம் இல்லாமல் விலகுகிற உரிமையும் அதே பந்தியில் வேண்டும். கொட்டேசனில் உள்ள விலை வற் வரியோடா இல்லாமலா என்றும் கேளுங்கள். 2024 ஜனவரியில் இருந்து அது 18 வீதம். இரண்டு கொட்டேசனை ஒப்பிடும்போது ஒன்றில் சேர்த்தும் மற்றதில் சேர்க்காமலும் இருந்தால் கணக்கே பிழைத்துவிடும்.

இவ்வளவும் சொன்னாலும், எல்லோருக்கும் ஒப்பந்தம் தேவை என்று சொல்ல மாட்டேன். மாதம் 1,000 கொப்பிக்குக் குறைவாக, மேசையில் வைக்கிற சின்ன மெஷினில் எடுக்கிறீர்கள் என்றால், அந்தக் காசை ஒரு பக்கம் சேர்த்து வைத்துப் பழுது வரும்போது திருத்துவது மலிவு. உங்கள் ஊரிலேயே மெஷின் திருத்தத் தெரிந்த ஒருவர் இருந்து, அவரிடம் உங்கள் மெஷினின் சாமானும் இருந்தால், தூரத்துக் கம்பனியின் பெரிய ஒப்பந்தத்தைவிட அவரோடு ஒரு எளிய ஒப்பந்தம் போடுவதே நல்லது. இரண்டு பக்கத்தில் எழுதினால் போதும். போர் முடிந்த பிறகு இந்தத் தொழிலைப் பழகிய இளம் பிள்ளைகள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பது நமக்கும் லாபம்தான்.

எந்த ஒப்பந்தம் எடுத்தாலும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு சீ.ஆர். கொப்பியை, அதாவது தடித்த மட்டை போட்ட எழுதுகிற கொப்பியை, நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். எங்களுடையதில் 5 பத்தி: திகதி, மீற்றர், என்ன பிழை, எத்தனை மணிக்கு அறிவித்தோம், எத்தனை மணிக்கு ஓடத் தொடங்கியது. மாத முடிவில் பில் வந்தால் மீற்றரை அதோடு ஒப்பிடலாம். வருட முடிவில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் பேச வரும்போது அந்தக் கொப்பியை மேசையில் வைத்துவிட்டுப் பேசலாம். போன வருடம் நாங்கள் அப்படிப் பேசித்தான் ரப்பர் உருளைகளை முன்கூட்டியே மாற்ற ஒத்துக்கொள்ள வைத்தோம். தாள் சிக்கியது 11 தடவை என்று திகதியோடு எழுதியிருந்தது. அவர்களுக்கு மறுத்துப் பேச இடமிருக்கவில்லை.

கடைசியாக, ஒப்பந்தம் முடிந்து மெஷின் திரும்பப் போகும் நாள். இப்போதைய பெரிய மெஷின்கள் பலவற்றுக்குள் கொம்பியூட்டரில் இருப்பது போல ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. நாம் எடுத்த, அனுப்பிய பக்கங்கள் அதில் தங்கியிருக்கக்கூடும். எங்கள் மெஷினில் எத்தனை பேரின் அடையாள அட்டை, காணிப் பத்திரம், கணவரின் மரணச் சான்றிதழ் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மெஷினை எடுத்துப் போக முன் அந்த டிஸ்க்கை நம் கண்முன்னால் அழிக்க வேண்டும், அல்லது கழற்றி நம்மிடம் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பழைய மெஷின் போன அன்று எங்கள் சேர்விஸ்காரர் அழிக்கிற கட்டளையைக் கொடுத்தார். திரையில் வேலை முடிந்தது என்று வரும்வரை நானும் கணக்காளரும் பக்கத்தில் நின்றோம். பிறகு கடைசி மீற்றர்ப் பக்கத்தை அச்சடித்து, மூன்று பேரும் கையெழுத்து வைத்து, சீ.ஆர். கொப்பியின் கடைசித் தாளில் ஒட்டினோம்.